விரலுக்கு வரமா, செவிக்குப் பயிற்சியா?

கித்தார் கற்கும் இளைஞர் பலரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றனர். ஓராண்டு, ஈராண்டு உழைத்துப் பாடலுக்குத் துணையாகச் சுரக்கூட்டுகளை மீட்டக் கற்கின்றனர். அச்சிட்ட குறிப்பைப் பார்த்து இரண்டு மூன்று உருப்படிகளைப் பிழையின்றி வாசிக்கவும் தேறுகின்றனர். ஆயினும், நண்பர் குழு இசைத்துக் கொண்டிருக்கையில் பாடுபவர் ஓய்ந்து, 'இனி உன் முறை' என்று தலையசைத்தால் அவர்களுடைய விரல்கள் உறைந்து போகின்றன. 'சோலோ' என்று இளைஞர் வழங்கும் தனிவாசிப்பை அந்தக் கணத்திலேயே புனைந்து அளிக்க அவர்களால் இயலுவதில்லை. காரணம் கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றே: அது கற்றுத் தருவதன்று, பிறவியிலேயே வாய்க்க வேண்டும்.

இவ்விடையை ஆசிரியரும் கூறுகின்றார், பெற்றோரும் கூறுகின்றனர், நாளடைவில் மாணவனும் தனக்குத் தானே கூறிக்கொள்கின்றான். கேட்பதற்கு அது கலைக்குச் செய்யும் வணக்கம் போலத் தோன்றும். ஆனால், அதனால் இருவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது. கற்க வந்தவனுக்குக் கதவு அடைபடுகிறது என்பது ஒன்று. கற்றுச் சாதித்தவனுடைய உழைப்பை அவனிடமிருந்து பறித்து, கண்ணுக்குப் புலனாகாத ஏதோ ஓர் ஆற்றலின் கணக்கில் எழுதிவிடுகின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் அநீதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆதலின் அதனையே முதலில் எடுத்துக்கொள்வது தகும்.

ராபர்ட் ஜான்சன் என்பார் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1911-இல் பிறந்த கருப்பினக் கலைஞர். 1936-இல் சான் அந்தோனியோ நகரிலும் 1937-இல் டாலஸ் நகரிலும் அவர் பதிவு செய்த பாடல்கள் மொத்தம் 29. 1938-இல், 27-ஆம் வயதில் அவர் மறைந்தார். 'ப்ளூஸ்' என்னும் இசைவகையின் வரலாற்றில் அந்த 29 பாடல்களுக்கு உள்ள இடம் மிகப் பெரிது. ஆனால், அவர் பெயரைக் கேள்வியுற்றோர் பலருக்கு நினைவில் நிற்பது பாடல் அன்று, ஒரு கதை. நள்ளிரவில் நாற்சந்தி ஒன்றில் பேயைச் சந்தித்து, தம் ஆன்மாவை விலையாகக் கொடுத்துக் கித்தார் வித்தையை அவர் வாங்கி வந்தார் என்பது அக்கதை.

கதைக்கு விதையான செய்தி எளியது. சன் ஹவுஸ் என்னும் மூத்த கலைஞர் பல்லாண்டுகளுக்குப் பின் அதனை நினைவுகூர்ந்தார். இளைஞராயிருந்த ஜான்சன் கித்தாரைத் தொட்டால் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வராம்; பின்னர்ச் சில காலம் அவர் அவ்வூர்ப் பக்கம் காணப்படவில்லையாம்; திரும்பி வந்தபோது அவருடைய வாசிப்பைக் கேட்டு மூத்தோரே வியந்து நின்றனராம். இடையில் நேர்ந்தது என்ன? கதை கட்டியவர்கள் அந்த இடைவெளியைப் பேயைக் கொண்டு நிரப்பினர். பிற்கால ஆய்வாளரோ ஐக் ஸிம்மர்மன் என்ற மனிதரைக் கண்டுபிடித்தனர். தம் பிறப்பிடமான ஹேசல்ஹர்ஸ்ட் பக்கம் சென்ற ஜான்சன், அங்கே வாழ்ந்த ஸிம்மர்மனிடம் கித்தார் கற்றார். இரவு நேரங்களில் ஆசிரியரும் மாணவரும் அமைதி நாடி இடுகாட்டுக்குச் சென்று கல்லறைகளின்மேல் அமர்ந்து பயின்றனர் என்று ஸிம்மர்மன் குடும்பத்தார் கூறியுள்ளனர். ஒருவருக்கும் தொல்லை தராமல் பயில ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவே. இதனுடன் ஜான்சனுக்கு இசைத்தட்டுகளும் ஆசிரியராயின. லீராய் கார், கோகோமோ ஆர்னால்டு, ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் தட்டுகளிலிருந்து அவர் எவற்றையெல்லாம் எடுத்தாண்டார் என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர் இன்றும் உணரலாம்.

ஓர் ஆசிரியர், ஓர் இடுகாடு, சில இசைத்தட்டுகள், பல இரவுகள். இவற்றை நீக்கிவிட்டு ஒரு பேயை வைத்தது யாருக்கு நன்மை செய்தது? இத்தாலிய வயலின் மேதை பாகனினிக்கும் இவ்வாறே ஒரு பேயைக் கட்டிவிட்டனர் என்பது உண்மை. ஆனால், பாகனினிக்குக் கற்பித்தோர் யாவர் என்பதை ஐரோப்பிய ஏடுகள் மறந்துவிடவில்லை. ஸிம்மர்மன் பெயரோ பல பத்தாண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. கருப்பினத்தார்க்கு இசை இரத்தத்திலேயே ஊறியது என்று புகழ்வோர் இன்னும் உளர். அப்புகழ்ச்சிக்குள்ளே, அவர்கள் உழைக்கவில்லை, சிந்திக்கவில்லை, ஒருவருக்கொருவர் கற்பிக்கவும் இல்லை என்னும் இழிவு மறைந்து கிடக்கின்றது.

வரம் விரலில் இருக்கிறது என்று நம்புவோர் ஜாங்கோ ராயின்ஹார்ட் என்பாரின் இடக்கையை எண்ணிப் பார்க்கலாம். 1910-இல் பெல்ஜியத்தில் பிறந்த இந்த ரோமானிய நாடோடிக் குடிக் கலைஞர், 1928-இல் தம் வண்டிவீடு தீப்பற்றியபோது கடுங்காயமுற்றார். இடக்கையின் மோதிர விரலும் சிறு விரலும் மடங்கியபடி செயலிழந்தன. பின்னர் அவர் எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டே தனிவாசிப்பு முழுவதையும் புதிதாகக் கற்றார். 1934-இல் பாரிசில் தொடங்கிய ஐவர் குழுவில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் அவர் வாசித்தவை அந்த இரண்டு விரல்களின் ஆக்கங்களே. வரம் பெற்ற விரல்கள் எரிந்து போயின. அவருடைய இசை அதற்குப் பிறகே உலகுக்குத் தெரிந்தது.

அப்படியாயின் தனிவாசிப்பைக் கற்றவர்கள் எவ்வாறு கற்றனர்? இதற்குத் தெளிவான சான்று வெஸ் மான்ட்கமரி. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 1923-இல் பிறந்து 1968-இல் மறைந்த ஜாஸ் கலைஞர் அவர். ஏறத்தாழ இருபதாம் வயதில், மணம் முடித்த பின்னர், சார்லி கிறிஸ்டியனுடைய இசைத்தட்டு ஒன்றை அவர் கேட்டார். கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, அதுவரை பெரும்பாலும் தாளத் துணையாய் இருந்த கித்தாரை மின்னொலியின் வலிமையால் ஊதுகருவிகளுக்கு இணையாகப் பேசவைத்தவர்; 1942-இல் 25 வயதிலேயே காசநோயால் மாண்டவர். அவருடைய தட்டைக் கேட்ட மான்ட்கமரி ஒரு மின்கித்தாரை வாங்கினார். பகலில் வேலை, இரவில் பயிற்சி. ஓசை அதிகமென்று முறையீடு வந்தமையால் மீட்டுகோலை வைத்துவிட்டுப் பெருவிரலின் சதையால் மெல்ல மீட்டினார். பின்னாளில் அவருடைய தனி முத்திரையென உலகம் கொண்டாடிய அந்த மென்மையான நாதம், உறங்குவோரை எழுப்பாதிருக்கக் கண்ட வழியாகும்.

அவருக்கு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. இதனையே சான்றாகக் காட்டி, அவர் கல்லாமலே பாடிய மேதை என்பாரும் உளர். படிக்காமை வேறு, கல்லாமை வேறு. திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களையடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் தனியே அமைந்திருப்பதைத் தமிழாசிரியருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மான்ட்கமரி தட்டைச் சுழலவிட்டு, ஊசியை மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வைத்து, கிறிஸ்டியனுடைய தனிவாசிப்புகளை ஒவ்வொரு சுரமாகச் செவியால் கேட்டுக் கைக்குக் கொண்டுவந்தார். சில மாதங்களில் உள்ளூர் மன்றம் ஒன்றில் அவருக்கு வேலையும் கிடைத்தது. கிறிஸ்டியனுடைய தனிவாசிப்புகளை அப்படியே வாசிப்பதே அவ்வேலை. அவை முடிந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அதற்குமேல் சொந்தமாக வாசிக்க அன்று அவருக்கு ஒன்றும் தெரியாது. இதனை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறியுள்ளார்.

அவ்வாறு கைகட்டி நின்றவர் 1948-இல் லயனல் ஹாம்ப்டன் குழுவில் சேர்ந்தார். 1960-இல் அவர் பதிவு செய்த தொகுப்பு ஜாஸ் கித்தாரின் எல்லையை மாற்றி அமைத்தது. முதலில் தனிச்சுரங்களால் ஒரு சுற்று. அடுத்து, ஒரே சுரத்தை இரு தாயிகளில் ஒருங்கே ஒலிக்கும் இரட்டைச் சுரங்களால் ஒரு சுற்று. பின்னர் முழுச் சுரக்கூட்டுகளால் ஒரு சுற்று என்று மூன்று நிலை மாடம் போல எழும்பும் அவருடைய தனிவாசிப்பில் கிறிஸ்டியனின் நகல் எங்கே? போலச் செய்தல் சொந்த ஆற்றலைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் விடையளிக்க வேண்டிய கேள்வி இது.

தமிழாசிரியர் சிலர் உடனே மறுத்துரைக்கக்கூடும். மாதிரிக் கட்டுரையை உருப்போட்டுத் தேர்வுத்தாளில் இறக்கிவைக்கும் மாணவனை அறியாத ஆசிரியர் இலர். அவன் எழுத்தாளன் ஆகவில்லையே என்பர். வேறுபாடு எங்குள்ளது என்று பார்த்தல் வேண்டும். அம்மாணவன் கண்ணால் எடுத்துக் கையால் இறக்குகிறான். இடையில் செவியும் சிந்தையும் உறங்குகின்றன. கித்தாருக்கும் இதே நோய் உண்டு. எந்தத் தந்தியில் எத்தனையாவது மெட்டில் விரலை வைப்பது என்பதை எண்களாலேயே எழுதிக் காட்டும் 'டேப்' என்ற குறிப்புமுறை இன்று எங்கும் கிடைக்கிறது. அதனைப் பார்த்து ஒரு புகழ்பெற்ற தனிவாசிப்பைச் சுரம் பிசகாமல் வாசிக்கும் மாணவனை நடுவில் நிறுத்தி, அடுத்த வரியை வாயால் பாடு என்று கேட்டால் திகைக்கிறான். எண்கள் அவன் கைக்குள் போயின, இசை போகவில்லை. மான்ட்கமரிக்கு இந்தக் குறுக்குவழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் அவருடைய செவியைக் கடந்தே விரலுக்கு வர வேண்டியிருந்தது. அக்காலத்துத் தட்டுப்பெட்டிகள் சிலவற்றில் நிமிடத்திற்கு 16⅔ சுற்று என்றொரு வேகமும் இருந்தது. 33⅓ சுற்றில் பதிவான தட்டை அதில் ஓட்டினால் வேகம் பாதியாகும். சுருதி சரியாக ஒரு தாயி இறங்கும். கித்தார் மாணவர் பலர் அந்த முனகலுக்குள் காதை நுழைத்துக் கற்றனர். இன்று சுருதியைக் குறைக்காமலே வேகத்தைக் குறைக்கும் கருவிகள் கைப்பேசியிலேயே உள்ளன. வசதி பெருகியிருக்கிறது, கேட்பவர் பெருகினரா என்பது வேறு கேள்வி.

இனி, வகுப்பறைக்கு வரலாம். தனிவாசிப்புக் கற்பிப்பதாகக் கூறும் இடங்களில் மாணவனிடம் முதலில் நீட்டப்படுவது ஒரு படம். ஆறு தந்திகள், வீணையில் போலவே கித்தாரிலும் அவற்றின் கீழே குறுக்காகப் பதித்த மெட்டுகளில் நான்கு, அதாவது 5-ஆம் மெட்டிலிருந்து 8-ஆம் மெட்டு வரை, ஒவ்வொரு தந்திக்கும் இரண்டாகப் பன்னிரண்டு கரும்புள்ளிகள். இதற்குப் 'பெட்டி' என்று பெயர். ஏ, சி, டி, ஈ, ஜி என்னும் ஐந்து சுரங்களே இப்பெட்டிக்குள் மேலும் கீழுமாக இடம் மாறி நிற்கின்றன. ஏ சுரத்தைச் சட்ஜமமாகக் கொண்டு பார்த்தால் இது சுத்த தன்யாசியின் ஆரோகண அவரோகணமே. இப்புள்ளிகளுள் எதை மீட்டினாலும் பின்னணி இசையோடு முரண்படாது, ஆதலின் எதை வாசித்தாலும் தவறில்லை என்பது மாணவனுக்கு அளிக்கப்படும் உறுதிமொழி. அவன் மகிழ்ந்து போகிறான். ஏறுகிறான், இறங்குகிறான், விரைந்து ஏறுகிறான், விரைந்து இறங்குகிறான். ஓராண்டு சென்ற பின்னும் அவன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறான்.

சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களை அறிந்தவர் சுத்த தன்யாசி பாடத் தெரிந்தவர் ஆகார் என்பதைக் கருநாடக இசையின் தொடக்கநிலை ஆசிரியரும் அறிவார். இராகம் என்பது ஏணி அன்று. எங்கே நிற்பது, எங்கே அசைப்பது, எந்தச் சுரத்தைத் தொட்டும் தொடாமலும் செல்வது என்னும் பிடிகளால் ஆனது அது. இதனாலேயே அம்மரபில் சரளி வரிசைக்கும் அலங்காரத்திற்கும் பின்னர் கீதமும் வருணமும் கற்பிக்கப்படுகின்றன. வருணத்துக்குள் ஓர் இராகத்தின் பிடிகள் யாவும் பொதிந்து கிடக்கின்றன. அவை தொண்டையில் படிந்த பின்னரே கற்பனைச்சுரமும் ஆலாபனையும் தொடங்குகின்றன. மனோதர்மம் என்று பெயர் கொடுத்துப் போற்றிய மரபே அதனை மனத்தின் போக்குக்கு விட்டுவிடவில்லை. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின், 1970-களின் தொடக்கத்தில் உலகப் புகழ் எய்திய பின்னரும், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராய் அமர்ந்து வீணை பயின்றார். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், கட வித்துவான் விக்கு விநாயகராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, கமகத்துக்கு இடம் தரும் வகையில் மெட்டுகளுக்கிடையே குழித்த விரற்பலகையுடைய கித்தாரை அவர் செய்வித்துக்கொண்டார். வரம் பெற்றவராக ஊர் கருதிய ஒருவர் பாடம் கேட்கப் போனார் என்பது இங்கே கருதத்தக்கது.

பெட்டிக்குள் அகப்பட்ட மாணவனுக்கு எதைக் கற்பிப்பது? அவன் வாசிக்க விரும்பும் ப்ளூஸ் இசையின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு தட்டுகள் கொண்ட பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்து ஒரு சுற்று. முதல் நான்கு கட்டங்களில் பாடகர் ஓர் அடியைப் பாடுவார். அடுத்த நான்கில் அதே அடியை மீண்டும் பாடுவார். இறுதி நான்கில் அதற்கு முடிவு கூறும் அடி வரும். ஆனால், நான்கு கட்டங்களையும் அவர் நிரப்புவதில்லை. ஏறத்தாழ இரண்டு கட்டங்களில் அடி முடிந்துவிடும். எஞ்சிய இரண்டில் கித்தார் மறுமொழி சொல்லும். அதாவது, தனிவாசிப்பு இங்கே பிறந்ததே உரையாடலில்தான். ஒருவர் பேச, மற்றவர் கேட்டு, கேட்டதற்கு விடை பகர்தல். பி.பி. கிங் என்னும் பெருங்கலைஞர் பாடும்போது கித்தாரைத் தொடமாட்டார். பாடி நிறுத்தியதும் அவருடைய கித்தார் பாடும். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யத் தமக்கு வராது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உறவினர் புக்கா ஒயிட் கண்ணாடிக் குழலைத் தந்திமேல் வழுக்கி எழுப்பிய நடுக்கத்தைத் தம்மால் அவ்வாறு எழுப்ப இயலாமையால், இடக்கை விரலை அசைத்து அதனைப் போலச் செய்ய முயன்றதாகவும், அதிலிருந்தே தம் வாசிப்பின் அந்த அசைவு உருவானதாகவும் அவர் கூறியுள்ளார். கேட்ட ஒலியை எட்ட முயன்று எட்டாமற்போன இடத்தில் அவருடைய சொந்தக் குரல் கிடைத்தது.

ஆகவே, மாணவனிடமிருந்து பன்னிரண்டு புள்ளிகளைப் பறித்துக்கொண்டு மூன்றை மட்டும் கொடுக்கலாம். ஏ, சி, டி போதும். ஆசிரியர் இரண்டு கட்டம் வாசிக்க வேண்டும். மாணவன் இரண்டு கட்டத்தில் மறுமொழி தர வேண்டும். முதலில் வாயால் பாடி, அதன் பின்னரே விரலால் வாசிக்க வேண்டும். பாட முடியாததை வாசிக்கலாகாது என்னும் கட்டுப்பாடு கடுமையானதுதான். ஆனால், அது ஒன்றே ஏறி இறங்கும் நோய்க்கு மருந்து. மூச்சு விடாமல் எவரும் பாட முடியாது. ஆதலின் வாசிப்பில் தானாகவே இடைவெளி விழும். சொன்னதையே மீண்டும் சொல்லி இறுதியை மட்டும் மாற்றுதல், சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துதல், எடுப்பைத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போடுதல் ஆகிய யாவும் மூன்று சுரங்களுக்குள்ளேயே அடங்கும். தாளத்தில் வேற்றுமை காட்டத் தெரியாதவனுக்கு முப்பது சுரங்கள் கொடுத்தும் பயனில்லை.

அடுத்து வருவது சுரக்கூட்டின் மாற்றம். பெட்டிப் பாடம் மறைத்துவிடும் பெரும் பகுதி இது. ஏ சுரத்தில் அமைந்த ப்ளூஸில் முதற் சுரக்கூட்டு ஏ, சி ஷார்ப், ஈ, ஜி. ஐந்தாம் கட்டத்தில் அது டி, எஃப் ஷார்ப், ஏ, சி என்று மாறும். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிக் கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை விளங்கும். ஜி அரைச்சுரம் இறங்கி எஃப் ஷார்ப் ஆகிறது; சி ஷார்ப் அரைச்சுரம் இறங்கிச் சி ஆகிறது. மாற்றத்தின் உயிர் இவ்விரண்டு இறக்கங்களில் உள்ளது. இவற்றுள் சி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் பெட்டியில் இல்லை. பெட்டி மாணவன் முதற் சுரக்கூட்டின்மேல் சி சுரத்தில் போய் நிற்கையில் ஏன் ஒரு கசப்பு எழுகிறது என்றும், கைதேர்ந்தோர் அதே சுரத்தில் தந்தியைச் சற்று இழுத்துச் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் இடையே ஏன் நிறுத்துகின்றனர் என்றும் அப்போதுதான் புரியும். எதை வாசித்தாலும் தவறில்லை என்ற உறுதிமொழி பொய் என்பதும் அப்போதே வெளிப்படும். இலக்கணம் கற்பனையைக் கொல்லும் என்போரும், இலக்கணம் முழுவதும் கற்ற பின்னரே வாயைத் திறக்க வேண்டும் என்போரும் இவ்விடத்தில் ஒரே தவற்றைச் செய்கின்றனர். செவி ஒன்றைக் கேட்டு வியக்கும் வேளையில் அதற்குப் பெயர் சொல்வதே இலக்கணத்தின் வேலை. முன்னரே சொன்னால் அது வெறும் ஓசை. சொல்லாமலே விட்டால் மாணவன் கண்டதை மறுநாள் இழந்துவிடுவான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு தடை எஞ்சும். முன்கூட்டி ஆயத்தம் செய்த வாசிப்பு எப்படிக் கற்பனை வாசிப்பாகும், அந்தக் கணத்தில் பிறப்பதன்றோ உண்மையானது என்பர். பேயை விரட்டியவரையும் பிடித்துக்கொள்ளும் மயக்கம் இது. தமிழில் ஆசுகவி என்றொரு வகை உண்டு. ஈற்றடியைக் கொடுத்த மாத்திரத்தில் வெண்பாவை முடித்துக் கொடுக்கும் காளமேகத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் வழங்குகின்றன. தளை தட்டாமல் சொல் வந்து விழ வேண்டுமானால், சொற்களும் எதுகைகளும் ஓசையும் எத்தனை ஆயிரம் முறை அவர் நாவில் புரண்டிருக்க வேண்டும்! உடனடியாக வருவது நெடுநாள் சேமிப்பிலிருந்தே வருகிறது.

உலகம் அறிந்த தனிவாசிப்புகள் சிலவற்றின் பிறப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவின் 1979-ஆம் ஆண்டுப் பாடலான 'கம்ஃபர்ட்டப்ளி நம்' என்பதன் இறுதித் தனிவாசிப்பை டேவிட் கில்மோர் ஒரே மூச்சில் பொழிந்ததாகப் பலர் எண்ணுவர். அவர் ஐந்தாறு முறை வெவ்வேறாக வாசித்துப் பதிந்துவிட்டு, திரும்பக் கேட்டு, எந்தெந்தப் பகுதி நன்று என்று தாளில் குறித்து, நல்லவற்றைக் கோத்து ஒன்றாக்கினார். கற்பனை செய்ததும் அவரே. அடித்துத் திருத்தியதும் அவரே. 1976-இல் 'ஈகிள்ஸ்' குழு வெளியிட்ட 'ஹோட்டல் கலிபோர்னியா' பாடலின் இறுதி இரட்டைக் கித்தார்ப் பகுதியோ இன்னும் சுவையானது. டான் ஃபெல்டர் அதன் முன்மாதிரியைத் தம் வீட்டில் தனியே ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். பின்னர் மயாமி நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரும் ஜோ வால்ஷும் புதிதாகக் கற்பனை செய்து வாசிக்கத் தொடங்கினர். உடன் பாடகர் டான் ஹென்லி நிறுத்தச் சொன்னார். முன்மாதிரியில் உள்ளதைப் போலவே வேண்டும் என்றார். ஃபெல்டருக்குத் தாம் வாசித்தது நினைவில்லை. கலிபோர்னியாவிலிருந்த தம் இல்லத்துப் பணிப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, நாடாவை ஓடவிட்டு ஒலிவாங்கியை அதன் அருகே பிடிக்கச் சொல்லி, தம் வாசிப்பைத் தாமே செவியால் கேட்டு மீண்டும் கற்றுக்கொண்டார். அன்று அவர் செய்தது, மான்ட்கமரி இசைத்தட்டின் முன் அமர்ந்து செய்ததையே.

கற்பிப்போர் சொல்லும் கடைசிச் சாக்கு நேரமின்மை. தரநிலைத் தேர்வுக்கு உருப்படிகளை ஆயத்தம் செய்யவே வகுப்பு போதவில்லை, இதில் ஒவ்வொரு மாணவனையும் கற்பனை செய்யவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பர். கணக்குப் பார்க்கலாம். ப்ளூஸ் சுற்று ஒன்றில் பன்னிரண்டு கட்டம், 48 தட்டு. நிமிடத்திற்கு 72 தட்டு என்ற நிதானமான நடையில் அது முடிவதற்கு ஆகும் நேரம் 40 வினாடி. வகுப்பில் பத்து மாணவர் இருந்தால் 400 வினாடி. ஏழு நிமிடமும் ஆகாது. அந்த ஏழு நிமிடத்தில் ஆசிரியர் சுரக்கூட்டுகளை மீட்டிக் கொண்டிருந்தால் போதும். முதல் வாரம் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுவர். மூன்றாம் வாரம், முன்னவன் விட்ட இடத்திலிருந்து ஒருவன் இரண்டு சுரங்களை எடுத்து மறுமொழி சொல்வான். அது பிழையாகவும் இருக்கலாம். அப்போது ஆசிரியர் கித்தாரை நிறுத்தாமல், அதே பிழையை மீண்டும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த மாணவனை நோக்கித் தலையசைக்க வேண்டும்.